நீவாதீங்க அத்தை

எங்கள் தையல் கூடத்தில் காலர் தைக்கிற பெண்ணுக்கு மின்னல் என்று பட்டம் வைத்தது நான்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஒரு ஓட்டை மெஷினை வைத்து இந்தக் கூடத்தையே எழுப்பினேன். எனக்குத் தெரியாமல் இங்கே ஒரு நூல் பாபின்கூட உருளாது. மின்னலின் பாபின் டப்பாவுக்கு அடியில் கருத்தடை மாத்திரை அட்டை இருந்ததும் எனக்குத் தெரியும். இரண்டு பெண்பிள்ளைகளே போதும் என்றிருந்தாள் அவள். மாமியாருக்குப் பேரன் வேண்டும். புருஷனோ அம்மா கிழித்த கோட்டைத் தாண்டாதவன்.

திடீரென்று அவள் இடது கால் வீங்கியது. கெண்டைக்கால் கொதித்தது. மெஷின் மிதித்த ரத்தக்கட்டு என்று மாமியார் எண்ணெய் காய்ச்சி நீவிக்கொண்டே இருந்தார். நான் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடித்தேன். எனக்கு முன்னால் மாமியார் ஏறி உட்கார்ந்தார்.

"வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"தலைவலிக்குக்கூடப் போட மாட்டா. நெஞ்சழுத்தக்காரி!" பதில் மாமியாருடையது.

மின்னல் என்னைப் பார்த்தாள். கந்துவட்டிக்காரனையே ஓட வைத்த என் வாய்க்கு அன்று பூட்டு. சொன்னால் அவளுக்கு வீடு இல்லை.

"காலை அமுக்காதீங்க. ரத்தம் உறைஞ்சிருந்தா, பிச்சுக்கிட்டு நுரையீரலுக்குப் போயிடும். உயிருக்கே ஆபத்து."

"கட்டுனதை நீவித்தானே கரைக்கணும்?" மாமியாரின் கை மறுபடி காலுக்குப் போனது.

"நீவாதீங்க அத்தை!" மின்னல் காலை இழுத்துக்கொண்டாள். "டாக்டர், குழந்தை வேணாம்னு நான் மாத்திரை சாப்பிடுறேன்."

ஸ்கேனில் உறைந்த ரத்தக்கட்டி தெரிந்தது.

"அந்த மாத்திரை எல்லாருக்கும் இப்படிப் பண்ணாது. உங்களுக்கு ஒத்துக்கலை, இனி தொடாதீங்க. வேற வழி இருக்கு, தனியா வாங்க, பேசலாம். இப்ப தர்ற மருந்து முடியிறவரை கர்ப்பமும் கூடாது."

"எப்ப முடியும்?" என்றார் மாமியார்.

"சில மாசம்."

"சரி, காத்திருக்கேன்."

மின்னல் வேலைக்குத் திரும்பிவிட்டாள். மாமியாரும் கூடவே வருகிறார். பாபின் டப்பாவைக் கொட்டிப் பார்த்துவிட்டு, அவளுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்கிறார். கழிப்பறைக்குக்கூடப் பின்னாலேயே போகிறார். டாக்டரம்மாவிடம் மின்னலால் இன்னும் தனியாகப் போக முடியவில்லை. மாசங்கள் கரைகின்றன. இந்தக் கூடத்தையே எழுப்பிய எனக்கு, அந்த அம்மாவை நாற்காலியிலிருந்து எழுப்ப வழி தெரியவில்லை.