ஒரே சொடுக்கில் முப்பத்தோரு கம்ப்யூட்டர்கள்

போன செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணிக்கு லேபிலிருந்து போன்.

"சார், கம்ப்யூட்டர் நீலமா வருது. அணைச்சு அணைச்சுப் போட்டாலும் நீலமாத்தான் வருது."

பேசியது ஜெயக்கொடி. எங்கள் மருத்துவமனையின் லேப் பொறுப்பாளர். இருபது வருட சர்வீஸ். எதற்கும் பதறாத மனுஷி.

நான் வாயில் பிரஷ்ஷோடு நின்றுகொண்டிருந்தேன். "பக்கத்து மெஷின்ல பாருங்கம்மா."

"அதுவும் நீலந்தான். ஓ.பி. கவுன்டர்ல நாலும் நீலம். பார்மஸியிலயும் அப்படித்தானாம் சார்."

வாயிலிருந்த பேஸ்ட்டை விழுங்கிவிட்டேன். காரணம், இந்த வேலையைச் செய்தது யார் என்று எனக்குத் தெரியும்.

நான்தான்.

இந்தப் பத்தியை எழுதும் நேரம் போக, ராஜபாளையத்தில் ஒரு நடுத்தர மருத்துவமனைக்கு நான் நிர்வாக அலுவலர். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களுக்கு ஒரு சின்னக் கிளை உண்டு. இரண்டு ஊரிலும் சேர்த்து ஐம்பத்தெட்டு கம்ப்யூட்டர்கள். அத்தனைக்கும் ஒரே ஆள், ஷமீமா. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். தினமும் பஸ்ஸில் வந்து போகிறவர்.

தரச் சான்றிதழுக்காக ஆய்வுக்கு வரப்போகிறவர்கள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். வெளியாள் யாரும் பென் டிரைவைச் செருகி எங்கள் கம்ப்யூட்டரைக் கிளப்பி, நோயாளிகளின் விவரங்களை அள்ளிக்கொண்டு போக முடியாதபடி பூட்டியிருக்க வேண்டும். அந்தப் பூட்டு இருக்கும் இடம் பயாஸ். கம்ப்யூட்டர் கண் விழித்ததும், விண்டோஸ் வருவதற்கு முன்பே ஓடுகிற அடிப்படைப் புரோகிராம் அது.

ஐம்பத்தெட்டு மெஷின் முன்னாலும் உட்கார்ந்து மாற்ற வேண்டுமா என்ன? வேண்டாம். அதற்கென்று ஒரு நிர்வாக சாஃப்ட்வேர் இருக்கிறது. ஒரு கம்ப்யூட்டரில் சரியாக அமைத்து, அந்த அமைப்பை அப்படியே ஒரு ஃபைலாக எடுத்து, உட்கார்ந்த இடத்திலிருந்தே மற்றவற்றுக்கு அனுப்பிவிடலாம். ஷமீமா முதலில் பத்து மெஷினுக்கு மட்டும் அனுப்பினார்.

"பத்துக்குப் போட்டாச்சு சார். ஒரு வாரம் ஓடட்டும், பாப்போம். பொறவு மத்ததுக்கு" என்றார். அடுத்த திங்கள் முதல் வியாழன் வரை லீவு போட்டுவிட்டுப் போனார். செவ்வாய் மதியம் அவருக்குப் பரீட்சை. கல்யாணத்தோடு நின்றுபோன எம்.சி.ஏ.வை முப்பத்தாறு வயதில் மறுபடி படிக்கிறார். கடைசி செமஸ்டர்.

திங்கள் மாலை நான்கு மணிக்கு ஒரு மெயில் வந்தது. அடுத்த வாரம் வர வேண்டிய ஆய்வுக் குழு, புதன்கிழமையே வருகிறதாம்!

ஷமீமாவுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். 'படிக்கிற பிள்ளையை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்' என்று எனக்கு நானே பெருந்தன்மையாகச் சொல்லிக்கொண்டேன். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அவர் கொடுத்திருந்த பாஸ்வேர்டு என்னிடம் இருந்தது. திறந்தேன். பட்டியலுக்கு மேலே ஒரு குட்டிக் கட்டம் — 'எல்லாம்'. அதில் ஒரு டிக். ஒரு சொடுக்கு. நிம்மதியாக வீட்டுக்குப் போய், மனைவியிடம் கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

மெஷினை அணைத்துப் போட்டால்தான் அந்த மாற்றம் வேலை செய்யும். மறுநாள் காலைதான் நீலம்.

நான் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது லேப் வாசலில் இருபது பேர் நின்றார்கள். அத்தனை பேரும் வெறும் வயிறு. சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்தவர்கள். சோழபுரத்திலிருந்து முதல் பஸ் பிடித்து வந்த ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏய்யா, நேத்து ராத்திரி எட்டு மணிக்குத் தின்னது. ரத்தத்தை எடுத்துட்டா நான் போயி நாலு இட்லி திம்பேன்ல? ஒங்க பெட்டி முழிக்கிற வரைக்கும் நான் பட்டினி கெடக்கவா?"

அதற்குள் ஜெயக்கொடி ஒரு நீள நோட்டை எடுத்துப் போட்டார். "ரத்தம் எடுக்கக் கம்ப்யூட்டர் எதுக்கு சார்? ஊசி போதும். பெரியவரே, பேரைச் சொல்லும்." குழாய்களில் பிளாஸ்திரி ஒட்டி, பேனாவால் நம்பர் எழுத ஆரம்பித்தார். வரிசை நகர்ந்தது.

ஆனால் இன்னொரு விஷயம் அப்படி நகரவில்லை.

குழந்தைகள் வார்டில் ஏழு வயதுப் பெண் ஒருத்தி, நான்கு நாள் காய்ச்சல். ரத்தத் தட்டணுக்கள் குறைந்துகொண்டே வந்தன. அன்றைய எண்ணிக்கை டாக்டர் கையில் இருந்தது. நேற்று மாலை எடுத்ததோ கம்ப்யூட்டருக்குள். காகிதத்தில் யாரும் ஏற்றவில்லை.

"நேத்தைவிட ஏறியிருந்தா இங்கேயே பாக்கலாம். இறங்கியிருந்தா இப்பவே மதுரைக்கு அனுப்பணும்" என்றார் டாக்டர். "அந்த நம்பர் எனக்கு வேணும்."

பிள்ளையின் அம்மா மகாராஜபுரத்துக்காரர். ஏற்கெனவே துணிப்பையைக் கட்டிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "மதுரைக்குப் போகணுமா சார்? சொல்லுங்க. அவிய வயலுக்குப் போயிட்டாக. போன் போட்டு வரச் சொல்லணும்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஷமீமாவுக்குப் போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார். பின்னால் குக்கர் விசில்.

"திரையில என்ன எழுதியிருக்கு? படிங்க சார்."

படித்தேன்.

"நேத்து ஏதும் தட்டுனீங்களா சார்?"

"தட்டினேன்."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

திட்டு விழும் என்று காத்திருந்தேன். விழ வேண்டியதுதானே?

"சரி சார். ஒண்ணும் அழிஞ்சு போகல. டிஸ்க் உள்ளதான் இருக்கு, பழைய மாடலுக்கு அதைத் தேடத் தெரியாமப் போச்சு, அம்புட்டுத்தான். மொதல்ல லேப். பொறவு பார்மஸி. பொறவு ஓ.பி. உங்க ரூம் கடைசி."

'ஒண்ணும் அழிஞ்சு போகல'... இந்த வயதில் என்னிடம் யாரும் சொன்னதிலேயே மிக அழகான வாக்கியம் அதுதான் என்பேன்.

அனுப்புவதற்கு ஒரே சொடுக்கு போதும். திருப்பி வாங்க? அந்த சாஃப்ட்வேர் விண்டோஸ் விழித்திருக்கிற மெஷினோடுதான் பேசும். இவையோ விழிக்கவே இல்லை. ஒவ்வொரு மெஷின் முன்னாலும் போய் நின்று, கையால்தான் மாற்றியாக வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று, இங்கே இருபத்தெட்டு. நல்லவேளை, அவசரப் பிரிவில் இருந்தவை புது மாடல், தப்பித்தன.

வீடியோ காலில் ஷமீமா சொல்லச் சொல்ல, நான் செய்தேன். சுவிட்சைப் போட்டதும் ஒரு பட்டனைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். என் பீரோவில் அவர் ஒட்டி வைத்திருந்த கவரைக் கிழித்து, பயாஸுக்கான பாஸ்வேர்டைப் பார்த்து அடிக்க வேண்டும். டிஸ்க் என்கிற பக்கத்துக்குப் போய் ஒரே ஒரு வரியை மாற்ற வேண்டும்.

"அந்த ஒரு வரியை மட்டும் சார். மத்த எதையும் தொடாதீங்க." இதை எத்தனை முறை சொன்னார் என்று எண்ணவில்லை. என்னைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொண்டிருந்தார்.

முதல் மெஷினுக்குப் பதினோரு நிமிடம் ஆனது. விண்டோஸ் வந்தது. ஜெயக்கொடி என்னைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டு உட்கார்ந்தார். பிள்ளையின் பெயரைத் தட்டினார். பார்த்தார்.

"ஏறியிருக்கு சார்! நேத்தைக்கு இன்னைக்கு ஏறியிருக்கு!"

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு வார்டுக்குப் போனார். அந்த அம்மா பையைக் கட்டிலுக்கடியில் வைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். நான் பாத்ரூம் போவதுபோல் வெளியே வந்துவிட்டேன்.

பதினொன்றரைக்கு இங்கே இருபத்தெட்டும் முடிந்தது. ஷமீமா போனிலேயே இருந்தார். நடுவில் ஒருமுறை, "அந்தப் பத்தையும் புது மெஷினாவே எடுத்தது என் தப்பு சார். பழசுல ரெண்டு சேத்திருக்கணும்" என்றார். தப்பில் பங்கு கேட்கும் ஆளை எங்கே பார்த்திருக்கிறீர்கள்? நான் பார்த்ததில்லை.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நான் கிளம்பறேன். நீங்க போய்ப் படிங்கம்மா" என்றேன்.

"நீங்க வாரதுக்குள்ள நான் முடிச்சிருவேன். பரீட்சைக்குப் போற வழிதான் சார்."

முடித்தும் விட்டார்.

புதன்கிழமை ஆய்வுக் குழு வந்தது. பூட்டு எல்லாம் இருந்தது. "சரி, கம்ப்யூட்டர் நின்றுபோனால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் குழுத் தலைவர். ஜெயக்கொடி நீள நோட்டை எடுத்து நீட்டினார். பெயர், நேரம், குழாய் நம்பர் எல்லாம் வரிசையாக, முத்து முத்தான கையெழுத்தில். தலைவர் புரட்டிப் பார்த்து, "நேற்று ஒத்திகை பார்த்தீர்களா!" என்று வியந்தார்.

"ஆமா சார். இவுகதான் ஏற்பாடு பண்ணாக" என்று என்னைக் காட்டினார் ஜெயக்கொடி. முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லை.

யோசித்துப் பார்த்தால், 'எல்லாம்' என்ற அந்தக் கட்டம்தான் நமக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது! காலை வணக்கத்திலிருந்து கஷாயக் குறிப்பு வரை ஒரே தட்டில் ஊருக்கே அனுப்பிவிடுகிறோம். எங்கள் டாக்டர்கள் யாரும் ஐம்பத்தெட்டு பேருக்கு ஒரே மாத்திரை எழுதியதில்லை. அவர்களோடு தினமும் காபி குடிக்கிற எனக்குத்தான் அது உறைக்கவில்லை.

வியாழக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைக்குப் போனேன். அங்கே ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணிடம் பேச்சுவாக்கில் பரீட்சை நடந்த காலேஜ் எங்கே என்று கேட்டேன். கிருஷ்ணன்கோவில் போகிற ரோட்டில், ஊருக்கு வடக்கே. ஷமீமாவின் வீடும் அந்தப் பக்கம்தான். எங்கள் கிளையோ தெற்கே, ராஜபாளையம் ரோட்டில்.

போற வழியாம்!

ஹால் டிக்கெட்டை ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக்கொண்டு, எதிர்த்திசையில் வந்து, மூன்று மெஷினையும் எழுப்பிவிட்டுத் திரும்பியிருக்கிறார். பரீட்சை நாளில்.

கம்ப்யூட்டர் கோளாறுகளைக் குறித்து வைக்கிற ரிஜிஸ்டரைப் பார்த்தேன். அவர் எழுதியிருந்தது: 'மாடல் பார்க்காமல் செட்டிங் அனுப்பப்பட்டது. இனி மாடல் வாரியாக, ஐந்தைந்தாக.' அனுப்பப்பட்டது! யாரால்? அது இல்லை. செயப்பாட்டு வினை இவ்வளவு கருணையானது என்று பள்ளிக்கூடத்தில் யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. பேனாவை எடுத்து, பக்கத்தில் என் பெயரை எழுதிக் கையெழுத்தும் போட்டேன். சேர்மனிடமும் நானே போய்ச் சொன்னேன். கிடைத்ததை வாங்கிக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை ஷமீமா வேலைக்கு வந்ததும் நன்றி சொன்னேன். கோர்வையாக வரவில்லை. "விடுங்க சார்" என்றார்.

"பரீட்சை எப்படிம்மா எழுதினீங்க?"

"நல்லாத்தான் சார். பத்து மார்க் கேள்வி ஒண்ணு வந்துச்சு. எந்த மாற்றத்தையும் எல்லா மெஷின்லயும் ஒரே நேரத்துல ஏன் செய்யக் கூடாது, உதாரணத்தோட விளக்குன்னு."

"பேர் ஏதும் போடலையே?"

"இல்ல சார். 'ஒரு நிர்வாக அலுவலர்'னுதான் எழுதுனேன். மூணு பக்கம்."

அந்தத் தாளைத் திருத்தப் போகும் பேராசிரியரே, நீங்கள் யாராக இருந்தாலும் சரி... பத்துக்குப் பத்து போட்டுவிடுங்கள். அத்தனையும் உண்மை!