கரசாவா வீட்டில் விளம்பரத்துக்கு இடமில்லை

ஜப்பானில் சுவா ஏரிக்கரையில் குடியிருக்கும் கரசாவா தெய்ஜிக்கு உலகத்தில் ஆகாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது தொலைக்காட்சி விளம்பரம். மழை ஆகும், முழங்கால் புதையும் பனி ஆகும், மைத்துனன் குடித்துவிட்டுப் பாடும் பாட்டுகூட ஒரு மாதிரி ஆகும். ஆனால் நல்ல நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஒருத்தி வந்து பல்லைக் காட்டி சோப்பைத் தூக்கிப் பிடித்தால், மனுஷனுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வரும்.

பார்த்த வேலை அப்படி. லென்ஸ் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் காலமெல்லாம் உட்கார்ந்தவர் அவர். கண்ணுக்குத் தெரியாத ஒரு தூசி உள்ளே இருந்தாலும் லென்ஸ் கழிவுக் கூடைக்குப் போய்விடும். ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய அன்று தொழிற்சாலை பூங்கொத்து கொடுத்தது, கைதட்டியது, ஆனால் அந்தக் கண்ணைத் திருப்பி வாங்கிக்கொள்ள மறந்துவிட்டது. தூசி தேடிப் பழகிய கண் சும்மா இருக்குமா? கொஞ்ச நாள் மனைவி மித்சுயோ துடைத்த கண்ணாடி ஜன்னல்களில் தேடிப் பார்த்தது. அந்த அம்மாள் துடைக்கும் துணியைக் கையில் கொடுத்து, "நீங்களே தொடச்சிக்கோங்க" என்றதும், கரசாவா கடைக்குப் போய் ஒரு ரெக்கார்டர் வாங்கிவந்தார்.

அன்று பிடித்தது பைத்தியம். மலை, கோயில், ரயில், வெந்நீர் ஊற்று, சமையல் என்று ஹெச்.டி.யில் வருவதையெல்லாம் அந்தப் பெட்டி பதிவு செய்து வயிற்றில் வைத்துக்கொள்ளும். பிறகு கரசாவா தன் அறையில் உட்கார்ந்து விளம்பரங்களை வெட்டுவார், டிஸ்க்கில் ஏற்றுவார், டிஸ்க்கின் முகத்தில் தலைப்பை அழகாக அச்சடித்து அலமாரியில் அடுக்குவார். விளம்பரம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று ரெக்கார்டரே குறி போட்டுத் தரும். ஊரில் எல்லோரும் அந்தக் குறியை நம்பி வெட்டுகிறவர்கள்தான். கரசாவா நம்பமாட்டார். படம் படமாக நகர்த்தி, எல்லையில் விளம்பரத்தின் நிழல்கூட ஒட்டாதபடி வழித்து எடுப்பார். இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் பார்ப்பது வரப்பை மட்டும்தான். இந்தப் பக்கத்து வயலில் என்ன விளைந்தது, அந்தப் பக்கத்து வயலில் என்ன விளைந்தது என்று கேட்டால் ஐயாவுக்குத் தெரியாது.

சரி, செய்துவைத்த டிஸ்க்குகளை எப்போதுதான் பார்ப்பார்? அட, அதைப் போய் அவரிடம் கேட்காதீர்கள். "பதிவாயிடுச்சுல்ல, அப்புறம் என்ன?" என்பார். பார்ப்பது வேலையில்லாதவர்கள் செய்யும் காரியம் என்பது அவர் கட்சி.

ஒரு நிகழ்ச்சியைப் பத்து டிஸ்க்குக்கு மேல் ஏற்ற முடியாது, அது சட்டம். ஒன்பது முறை நகல் எடுக்கலாம். பத்தாவது முறை ஏற்றினால் நிகழ்ச்சி பெட்டியை விட்டே கிளம்பி டிஸ்க்குக்குக் குடிபோய்விடும். மற்ற வீடுகளில் ஒன்று எடுப்பார்கள், மிஞ்சினால் இரண்டு. கரசாவாவோ கொடுத்த உரிமையை வீணாக்குவது பாவம் என்று பத்தையும் எடுப்பார். ஒன்பதை அக்கம்பக்கத்துக்கு விநியோகம் செய்வார். ஊரில் மற்றவர்கள் தோட்டத்து ஆப்பிளையும் ஊறுகாயையும் கொடுப்பது வழக்கம், இவர் டிஸ்க் கொடுத்தார். எல்லோரும் இரண்டு கையாலும் வாங்கிக் குனிந்து நன்றி சொன்னார்கள். சந்தைக்குப் பக்கத்துத் தெருவில் சீமைப்பனிச்சைப் பழ மரங்களில் காக்கை விரட்ட டிஸ்க்குகள் பளபளவென்று தொங்கின. அவற்றில் அச்சடித்த தலைப்புகளைக் கரசாவா நல்லவேளையாக நிமிர்ந்து படித்ததில்லை.

டிஸ்க் வேண்டாம் என்று நேருக்கு நேர் சொன்ன ஒரே ஆள், நாலு வீடு தள்ளியிருந்த இவாஷிதா. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவரிடமும் ரெக்கார்டர் இருந்தது. இருக்கிறதிலேயே மட்டமான தரத்தில் மாதக்கணக்காகப் பதிவு செய்து திணித்து வைத்திருந்தார். எதையும் வெட்டமாட்டார், எதையும் அழிக்கவும் மாட்டார். நிறைந்துபோனால் இன்னொரு சேமிப்புப் பெட்டியை வாங்கி அதில் சொருகிவிடுவார். விளம்பரத்தையும் சேர்த்துப் பார்த்து, நடுவில் தூங்கி, எழுந்து திரும்பவும் முதலிலிருந்து பார்ப்பார்.

"யோவ், அது ரெக்கார்டர் இல்ல, குப்பைக் கெடங்கு" என்று கரசாவா ஒருநாள் தெருவில் வைத்தே சொன்னார்.

"இருக்கட்டும்யா. என் குப்பைய நான் உக்காந்து பாக்கறேன். நீ உன் தங்கத்தப் பாத்தியா?" என்று கேட்டார் இவாஷிதா. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

இலையுதிர் காலத்தில் ஒருநாள் மித்சுயோ அறை வாசலில் வந்து நின்றாள். ஈரக் கையைத் துடைத்தபடி, சொல்லலாமா வேண்டாமா என்று நின்றாள். அவள் அப்படி நிற்பவளே இல்லை.

"ஏங்க, சனிக்கிழமை சாயங்காலம் நம்ம ஊர் சேனல்ல ஏரியச் சுத்தி நடக்கற நிகழ்ச்சி வருதுல்ல? அதப் பதிவு பண்ணணும்."

"அதெல்லாம் எப்பவோ போட்டாச்சு."

"அதுல நான் வர்றேன்."

கரசாவா ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார். "நீயா? நீ எங்க அதுல?"

"பாத்தா தெரியும்" என்றாள் மித்சுயோ. முகம் சிவந்துவிட்டது. "அக்காவுக்கு ஒரு டிஸ்க் அனுப்பறேன்னு சொல்லிட்டேன். பாவம், அவளுக்கு அங்க நம்ம சேனல் வராது. வேற எப்படிப் பாப்பா? நீங்களும் அன்னிக்குக் கூட உக்காந்து பாருங்களேன்."

"பதிவாகறப்ப நான் மெஷின்கிட்ட இருக்கணும்டி. இதென்ன விளையாட்டா?"

அக்கா கினுகோ வடக்கே ஆவொமொரியில், இடுப்பெலும்பு முறிந்து முதியோர் இல்லத்தில் படுத்திருந்தாள். தங்கையை டிவியில் பார்க்கப் போகிறேன் என்று அங்கே எல்லோரிடமும் சொல்லிவைத்துவிட்டாள்.

சனிக்கிழமை மித்சுயோ கூடத்தில் தனியாக உட்கார்ந்து பார்த்தாள். கரசாவா தன் அறையில் சிவப்பு விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையிலேயே வெட்ட உட்கார்ந்துவிட்டார். பெண்டாட்டி வரும் நிகழ்ச்சி, லேசுப்பட்ட காரியமா? ஓரிடத்தில் விளம்பரத்தின் வால் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ நீல ஏப்ரனின் ஓரம். சீ என்று இன்னும் ஒரு படம் தள்ளி வெட்டினார். டிஸ்க்கின் முகத்தில் ஏரியின் படமும் மித்சுயோவின் பெயரும் அச்சடித்தார். ஒன்பது டிஸ்க்குகள் புறப்பட்டுப் போயின, முதலாவது அக்காவுக்கு. பத்தாவது அலமாரிக்குப் போனது, பெட்டி காலியானது.

மூன்றாம் நாள் தொலைபேசி வந்தது. கரசாவா பாராட்டு வருகிறது என்று எண்ணிக் காதைத் தீட்டிக்கொண்டார். கூடத்தில் மித்சுயோவின் குரல் மட்டும் கேட்டது.

"இல்லக்கா, நல்லாப் பாரு... கடைசி வரைக்கும் பாத்தியா?... நான் ஏன் பொய் சொல்லப் போறேன்?"

அவள் நேராக அறைக்கு வந்தாள். "என்ன பண்ணி வெச்சீங்க?"

"என்ன பண்ணினேன்? சுத்தமா எடுத்து அனுப்பினேன். ஊர்ல எவனாலயும் அப்படி வெட்ட முடியாது."

"விளம்பரம் எங்க?"

"விளம்பரமா? அதத்தான் அப்பவே வெட்டி எறிஞ்சாச்சே!"

"அதுலதாங்க நான் வந்தேன்."

தகெமொரி கடை, அவள் தினமும் காய்கறி வாங்கும் கடை, அறுவடைத் தள்ளுபடிக்காகத் தன் வாடிக்கைக்காரிகளையே வைத்து விளம்பரம் எடுத்திருந்தது. கண்ணிமைக்கும் நேரத்து விளம்பரம். அதை அவர் ஒரு படம்கூட மிச்சம் வைக்காமல் துடைத்துவிட்டார்.

"முன்னாடியே விளம்பரம்னு சொல்றதுக்கு என்ன?" என்று பாய்ந்தார்.

"சொன்னா நீங்க மூஞ்சியச் சுளிப்பீங்க. அதான் நீங்களே பாக்கட்டும்னு விட்டேன். பொண்டாட்டி வர்றான்னு சொன்னா எந்தப் புருஷனும் ஒரு தடவ போட்டுப் பாப்பான்னு நெனச்சேன், என் புத்தியச் சொல்லணும்." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். "அக்கா அங்க இருக்கற நர்ஸுங்களையெல்லாம் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பாத்திருக்கா. திரும்பத் திரும்பப் போட்டிருக்கா. இப்ப எல்லாரும், கெழவிக்கு நெனவு தப்பிடுச்சுன்னு பேசிக்கறாங்களாம்."

அன்று மித்சுயோ சோற்றை வைத்துவிட்டுத் தனியாகப் போய்ப் படுத்தாள். மறுநாளிலிருந்து கரசாவா அந்தச் சேனலைக் காலை முதல் பதிவு செய்தார். நிகழ்ச்சிகளை ஓட்டித் தள்ளிவிட்டு விளம்பரங்களை மட்டும் கண்கொட்டாமல் பார்த்தார். சோப்பு, கார், சவ அடக்கச் சேவை, பல் கட்டும் மருத்துவர் என்று எல்லாம் வந்தன, தகெமொரி மட்டும் வரவில்லை. கடைக்கே போய்க் கேட்டார். தள்ளுபடி முடிந்துவிட்டது, விளம்பரமும் முடிந்தது, எங்களிடம் பிரதி இல்லை என்று முதலாளி குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

திரும்பி வரும் வழியில் இவாஷிதாவின் வீடு. வெட்டாத, அழிக்காத, குப்பைக் கிடங்கு வைத்திருக்கும் இவாஷிதா. கரசாவா அந்த வாசலைக் கடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடியும் கடந்தார். கடைசியில் மானம் மரியாதையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மணியை அடித்தார்.

"அடடே, காத்து இன்னிக்கு இந்தப் பக்கம் அடிக்குதா? தொகியே, யாரு வந்திருக்காங்க பாரு!" என்றார் இவாஷிதா. தொகியே அவர் மனைவி.

கரசாவா செருப்பு வைக்கும் இடத்திலேயே நின்று விஷயத்தைச் சொன்னார். இவாஷிதா சிரிப்பார் என்று பயந்தார். அந்த மனுஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கவே செய்தார். சிரித்து முடித்துவிட்டு, "சரி, வாய்யா உள்ள" என்றார்.

இவாஷிதாவின் பெட்டியில் அந்தச் சனிக்கிழமை நிகழ்ச்சி ஓடியது, விளம்பரம் வந்தது. நீல ஏப்ரன் கட்டிக்கொண்டு மித்சுயோ நின்றாள். கையில் சுடச்சுடப் பூசணிக்காய் கட்லெட். ஒரு கடி கடித்தாள், கண்ணை மூடினாள், திறந்தாள், நேராகப் பார்த்து இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். அவள் வாயைத் திறக்கும் முன்பே இவாஷிதாவும் தொகியேவும் சேர்ந்து கத்தினார்கள்.

"இன்னிக்கு நான் சமைக்க மாட்டேன்!"

"இத ஊரே சொல்லுதுண்ணே" என்றாள் தொகியே. "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க அவங்களப் பாத்தா இதச் சொல்லித்தான் வணக்கம் வெக்குதுங்க. நெசமாவே நீங்க இன்னும் பாக்கலையா?"

மட்டமான பதிவு. மித்சுயோவின் வாயைச் சுற்றிக் கட்டம் கட்டமாகப் படம் உடைந்திருந்தது. வேறு நாளாக இருந்தால் கரசாவா அதைப் பற்றி ஒரு பாட்டம் அழுதிருப்பார். இப்போது ஒரு கட்டம்கூட அவர் கண்ணில் படவில்லை. இவள் இவ்வளவு கெட்டிக்காரியா, இப்படிச் சிரிப்பாளா என்று திரைக்கு இன்னும் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். ஊரில் கடைசி ஆளாகத் தன் பெண்டாட்டியைப் பார்க்கிறோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

ஒரு ரெக்கார்டரில் பதிவானதை இன்னொன்றுக்கு மாற்ற முடியாது என்பதால் அங்கேயே உட்கார்ந்து டிஸ்க்கில் ஏற்ற வேண்டியிருந்தது. கரசாவா ரிமோட்டை வாங்கினார். விளம்பரத்தின் எல்லையைக் கண்டுபிடித்தார். பழக்கதோஷம், கட்டைவிரல் தானாக அழிக்கும் பொத்தானுக்குப் போய்விட்டது.

"யோவ், யோவ்! எடுய்யா கைய!" என்று இவாஷிதா தாவி ரிமோட்டைப் பிடுங்கினார். "அதத்தானய்யா வெச்சுக்கணும்! போனாப் போகுது, உனக்காக மத்தத அழிச்சுக்கோ!"

கரசாவாவுக்கு வியர்த்துவிட்டது. ரிமோட்டைத் திரும்ப வாங்கி, ஏரியை அழித்தார், ஏரியைச் சுற்றி நடந்த ஆட்களை அழித்தார், மலையையும் சூரிய அஸ்தமனத்தையும் அழித்தார். விளம்பரம் மட்டும் மிஞ்சியது.

ஒரு டிஸ்க் அன்றே விரைவுத் தபாலில் வடக்கே போனது. இரண்டு நாளில் அக்காவின் தொலைபேசி வந்தது, கூடத்தில் மித்சுயோ விழுந்து விழுந்து சிரித்தாள். முதியோர் இல்லத்துச் சமையல்காரி உட்பட அத்தனை பேரும் "இன்னிக்கு நான் சமைக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்களாம். கிழவிக்கு நினைவு தப்பவில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டதாம். "அவதான் இப்ப அங்க ராணி" என்று மித்சுயோ கணவனிடம் வந்து சொன்னாள். அந்தச் சண்டைக்குப் பிறகு அவரிடம் அவளாக வந்து பேசியது அப்போதுதான்.

கரசாவா இரண்டாவது டிஸ்க்கைக் கூடத்து டிவியில் போட்டார். மித்சுயோ பக்கத்தில் உட்கார்ந்தாள். பார்த்தார்கள். முடிந்ததும் அவர் மறுபடியும் போட்டார். அவள் திரையைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா பண்ணியிருக்கடி" என்றார். "கேமரா முன்னாடி நிக்கறோம்ங்கற பயமே இல்லையே உனக்கு. மொதல் தடவ மாதிரியே தெரியல."

"மொதல் தடவ இல்லையே."

"என்ன?"

"இது மூணாவது. பூ பூக்கற சமயத்துல ஒண்ணு எடுத்தாங்க, கோடைத் தள்ளுபடிக்கு ஒண்ணு. ரெண்டும் நீங்க விடாம பதிவு பண்ற சேனல்லதான் வந்துச்சு." அவள் சோபா உறையின் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டாள். "என்னிக்காவது ஒருநாள், மித்சுயோ, டிவியில இருக்கறது நீதானேன்னு ஓடி வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

கரசாவா அலமாரி இருந்த அறைப் பக்கம் பார்த்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போய்ச் செருப்பைத் தேடினார்.

"சாப்பாட்டு நேரத்துல எங்க கெளம்பிட்டீங்க?"

"இவாஷிதா எதையும் அழிக்க மாட்டான்" என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கால் மாற்றி மாட்டிக்கொண்டு வெளியே ஓடினார்.