சாம்பல் படிந்த மண்

எண்ணூர்ப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு மண்வளப் பாடம் நடத்தியபோது, வீட்டருகே உள்ள மண்ணைக் கொண்டுவரச் சொன்னேன். மீனவக் குப்பத்து மாணவி ஒருத்தி பை நிறையச் சாம்பல் நிற மண் கொண்டுவந்தாள்.

"இன்னாடி, அடுப்பை வாரிகினு வந்துட்டியா?" என்று பக்கத்தில் இருந்தவள் கேட்டதும் வகுப்பே சிரித்தது.

"எங்க வூட்டாண்ட இதான் கீது மிஸ். கரண்டு கம்பெனி சிம்னி சாம்பல் வந்து படிஞ்சிகினே கீது," என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது.

பாடப்புத்தகத்தை மூடினேன். "இதுல ஏதாவது முளைக்குமான்னு பாக்கலாமா?" என்றேன்.

சிரிப்பு மூட்டியவளே மறுநாள் காய்கறித் தோல் கொண்டுவந்தாள். தோல் மக்கியதும் மண்ணோடு கலந்து, பழைய பக்கெட்டில் வெந்தயம் விதைத்தோம். கொஞ்சம்தான் முளைத்தது. அந்தப் பக்கெட்டை அவர்கள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் குப்பத்துக்குத் தூக்கிப் போனார்கள்.