படகு தாண்டிய பின் திறந்த மடைகள்

எங்கள் கால்வாயில் படகு விடப்போகிறார்கள் என்று கேட்டபோது சிரித்துவிட்டேன். ஏரலுக்கு மேற்கே அந்தக் கால்வாயில் நாய்கூட நனையாமல் அக்கரை போகும். மழை ஏமாற்றிவிட்டது. அணையிலிருந்து முறை வைத்துத்தான் தண்ணீர். வருகிற கொஞ்சத்தையும் அமலைச்செடி, அதுதான் ஆகாயத்தாமரை, கரையோடு கரை அடைத்துக்கொண்டு நின்றது. அதை வெட்டி ஒதுக்கத்தான் படகு. கடற்கரையிலிருந்து ஒருவரை அவருடைய ஃபைபர் படகோடு லாரியில் ஏற்றி வந்திருந்தார்கள். கூடவே படகில் நின்று வேலையைப் பார்க்கப் போகிற தற்காலிகப் பொறியாளர் என் மகள் என்று தெரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. இருபத்து நான்கு வயது. நீச்சல் தெரியாது.

ஏற்பாடு இதுதான். காலை ஆறு மணிக்குத் தலைமதகை ஒரு சாண் தூக்குவார்கள். வயலுக்குப் பிரியும் மடைகளை எல்லாரும் பலகை போட்டு அடைத்து வைக்க வேண்டும். அப்போதுதான் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்று படகு மிதக்கும். படகு மேலிருந்து கீழே வரும். மதியத்துக்கு மேல் அவரவர் முறைப்படி பாய்ச்சிக்கொள்ளலாம்.

பள்ளிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என் மடையருகே போய் நின்றேன். முக்கால் ஏக்கர் ஏத்தன் வாழை. குலை தள்ளுகிற நேரம். இலைகள் விளிம்பு கருகித் தொங்கின.

எட்டு மணிக்குப் படகு வந்தது. மகளுக்குப் பெரிதாயிருந்த மிதவைச் சட்டைக்குள் அவள் முகம் சிறிதாகத் தெரிந்தது.

“பைய போங்க அண்ணே,” என்றேன் படகுக்காரரிடம்.

“எங்க சார் வேகமாப் போவ? கடல்ல மீனைத் தேடிப் போவோம். இங்க தண்ணியத் தேடியில்லா போக வேண்டியிருக்கு,” என்றார் அவர். மகள் சிரித்தபடியே கையசைத்தாள். வளைவில் திரும்பி மறைந்தார்கள்.

பக்கத்து வயல் அண்ணாச்சி உடனே வேட்டியை மடித்துக் கட்டினார். “படகுதான் தாண்டிட்டே வே. இனி இங்கன தண்ணி நின்னு யாருக்கு என்ன லாபம்?” சொல்லிக்கொண்டே பலகையை உருவினார்.

நான் இருபத்தைந்து வருடமாகக் கணக்கு வாத்தியார். ஆனாலும் எனக்கு அது நியாயமாகப் பட்டது. நாலு விரல் உயரத்துக்கு என் பலகையைத் தூக்கினேன். தண்ணீர் வாழைக்குள் ஓடியபோது, இன்று வரை சொல்லக் கூசுகிறது, சந்தோஷமாக இருந்தது.

அரை மணி நேரம் இருக்கும். விவசாயிகள் வாட்ஸ்அப் குழுவில் அவள் குரல். “அண்ணாச்சிமாரே, பாலத்துக்கு முன்ன படகு தரைதட்டி நிக்குது. எங்கயாவது மடை தொறந்திருந்தா உடனே அடைங்க.”

வெட்கத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் அடைத்தோம். நானும்தான். மனம் கேட்கவில்லை, ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பாலத்துக்குப் போனேன்.

நாங்கள் மடைகளை அடைத்ததும் கால்வாயில் திரண்ட தண்ணீர் எனக்கு முன்னால் போய்விட்டிருந்தது. படகைத் தள்ளுவதற்காக இரண்டு பேரும் சேற்றில் இறங்கியிருக்கிறார்கள். வெட்டிப்போட்ட செடியெல்லாம் அவர்களுக்குப் பின்னால் தரையில் கிடந்தது. தண்ணீர் திடீரென்று ஏறியதும் அவ்வளவும் கிளம்பி ஒரு சுவராக வந்து படகை முட்டியது. படகு குறுக்கே திரும்பிப் பாலத்தூணில் சாய்ந்தது. நடுவில் அவள் கால்.

நான் பார்த்தபோது அவள் மார்பு வரை பச்சை. படகுக்காரர் தோளைக் கொடுத்துப் படகை நெம்பிக்கொண்டிருந்தார். “சார், ஓடி வாங்க! பாப்பாவுக்குக் கையக் குடுங்க!” சட்டையோடு குதித்தேன். அவள் கத்தவில்லை. என் கையைப் பிடித்த பிடியில்தான் வலி தெரிந்தது.

எலும்பு முறியவில்லை. முட்டி வீங்கி, தோல் உரிந்திருந்தது. அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

நாலாம் நாள் அடுத்த முறைக்கான அறிக்கையை அவள் எழுத உட்கார்ந்தாள். “தலைமதகுல ஒரு சாண் பத்தலப்பா. கணக்கு எனக்குத் தப்பிட்டு. இந்தத் தடவை ரெண்டு சாண் தூக்கச் சொல்லுதேன்.”

இரண்டு சாண் தண்ணீர். அதே வயல்காரர்கள். அதே கைகள். என்னால் உட்கார முடியவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். “கால்ல சக்கரமா கட்டியிருக்கு?” என்றாள் மனைவி. அண்ணாச்சி அன்று காலையில்தான் போனில் சொல்லியிருந்தார்: “யாரும் கேட்டா நீரு வாயத் தொறக்காதேயும். பிள்ளைக்குத்தான் ஒண்ணும் ஆகலைல்லா?”

மகளுக்கு எதிரே போய் நின்றேன். “உன் கணக்கு தப்பலம்மா. தண்ணிய எடுத்தது நாங்க.”

பேனா நின்றது.

“நாங்கன்னா?”

“நானும்தான். படகு தாண்டின பிறகு.”

அழுவாள், திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் அடிபட்ட காலை ஸ்டூலிலிருந்து மெல்ல இறக்கினாள். “எத்தன மணிக்கு? எவ்வளவு ஒசரம்?” சொன்னேன். “மேல் மடைகள்ல யாரெல்லாம்?” தெரிந்ததைச் சொன்னேன். எழுதிக்கொண்டாள். என் பெயரையும்தான்.

பேனாவை மூடி வைத்துவிட்டு, “படகு வர்றதுக்கு முன்ன ஏன் யாரும் எடுக்கல?” என்று கேட்டாள்.

“அதெப்படிளா? நீ வர்றப்போ மடை தொறந்து கெடந்தா அசிங்கம் இல்லையா?”

என்னையே பார்த்தாள். “அப்போ கீழ இருந்து மேல வந்தா? எனக்குப் பின்னால என்ன எடுத்தாலும் படகுக்கு ஒண்ணும் இல்லையே. வெட்டின செடியும் என்னை விட்டுக் கீழ போயிரும்.”

“எதிர்த் தண்ணிம்மா. கம்பு ஊனித் தள்ளணும்.”

“தள்ளுவோம்.”

அடுத்த முறையில் அதே ஒரு சாண்தான் தூக்கினார்கள். பத்து மணிக்கு என் மடையைக் கடப்பாள் என்று கணக்கு. பத்தே முக்கால் வரை வளைவில் ஒன்றும் இல்லை. வேலை நேரத்தில் கூப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தாள். போனை எடுப்பதும் பையில் போடுவதுமாக நின்றேன். பிறகு கம்பு தெரிந்தது, பின்னால் அவள். காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

எங்களைக் கடந்ததும் திரும்பிப் பார்த்துக் கத்தினாள். “இனி எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி! அறிக்கையில எழுத மாட்டேன்!”

“வாய்க்கொழுப்பைப் பாத்தீரா வே,” என்றபடி அண்ணாச்சி பலகையை உருவினார். “உம்மதையும் எடும்.”

எடுத்தால் படகுக்கு ஒன்றும் ஆகாது. எனக்கே நன்றாகத் தெரியும். இருந்தாலும் தலைமதகில் இறங்கிவிட்டேன் என்று அவள் சொல்லும் வரை பலகையில் கை வைக்க முடியவில்லை. அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. வெயிலில் நின்றேன்.