மாசாமாசம் கட்டக்கோரை

கடற்பாசி கொள்முதலுக்கு முன் எல்லாப் பருவத்திலும், கரையோரத்திலும் ஆழத்திலும், தனித்தனியாக அளவெடுக்க வேண்டும் என்பது எங்கள் கம்பெனி விதி. எனக்கு மனப்பாடம். அதனால் பாசிக்கு ஒரு லாபமும் இல்லை.

போன வாரம் உடுமலைப்பேட்டையில் மச்சினன் தென்னைக்கு ஊற்றக் கடற்பாசி உரக் கேனைத் திறந்தான். அந்த வாடைக்கு உட்கார முடியவில்லை. வரப்பில் மேலும் கீழும் நடந்தேன்.

"ஏனுங் மச்சான், எறும்பு கடிச்சுபோட்டுதுங்களா?"

கடித்தது பழைய வேலை. கோயமுத்தூர் பீளமேட்டில் துணி அச்சுக்குப் பசை தயாரித்தோம். அதற்குக் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசி வேண்டும். வாங்கிப்போட என்னை ராமநாதபுரம் கடற்கரைக்கு அனுப்பினார்கள். முதல் நாள் ஷூவோடு கடலில் இறங்கினேன். ஊரே சிரித்தது.

அளவெடுக்க வந்த மேலாளர் நூல்மில்லில் பழுத்தவர். மழை முடிந்த கையோடு வந்தார். பாசி மதமதவென்று நிற்கும் நேரம். கரையோரத் திட்டில் ஒரே ஒரு நாள் காலையில் அளந்து, அதையே ஆண்டு முழுக்க, ஆழம் முழுக்க விரித்துக் கணக்கெழுதிவிட்டார். பருவம் பற்றிக் கேட்டேன்.

"மில்லு மாசாமாசம் ஓடுதுங்க. கடலு மட்டும் லீவு போடுமுங்களா?"

போட்டது. பங்குனியில் கரையோரப் பாசி உதிர்ந்து, பாறையில் அடிக்கட்டை மட்டும் நின்றது. ஆழத்தில் இருந்ததோ பிந்தி வளர்வது, இன்னும் விரல் நீளம். ஆனால் லாரி வந்து நின்றது. அந்தத் திட்டை நம்பியே குடும்பம் நடத்திய செபஸ்தியம்மாள் முக்குளிக்கும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"கட்டையை விட்டாத்தான் சாரு மழைக்குத் தழைக்கும். அதையும் புடுங்கிட்டா, அப்புறம் ஒங்க கோயமுத்தூரு நூலையா பறிக்கச் சொல்லுவீக?"

பருவம் தப்பிய கொள்முதலை நிறுத்தும்படி தலைமையகத்துக்கு எழுதினேன். நினைவூட்டினேன். மறுபடி நினைவூட்டினேன். பதில் வரும்வரை பழைய ஆணையே செல்லும்; அதற்கும் விதி உண்டு. கரையோரக் கட்டை போயிற்று. பிறகு இடுப்பளவுத் தண்ணீர், பிறகு படகில் போய் முக்குளிக்கும் ஆழம். எடை கூட்ட, குஞ்சுப் பாசியையும் சுரண்டினார்கள்.

மழை வந்தது. பாறை வழுக்கையாகவே கிடந்தது. செபஸ்தியம்மாள் இரண்டு முறை மூழ்கி எழுந்து, கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்தார். "நீங்களே பாருங்க சாரு."

இப்போது கம்பெனி இருந்த இடத்தில் ஐ.டி. ஆபீஸ். அந்தப் பாறையில் என்ன நிற்கிறதோ, போய்ப் பார்க்கத் தைரியமில்லை.

"கோரியபடி கொள்முதலை நிறுத்தலாம்" என்று பதில் வரத்தான் செய்தது. செபஸ்தியம்மாள் திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் பஸ் ஏறிய கார்த்திகை முதல் தேதியன்று.