இண்டிக் என்று இருந்ததை நீக்கினேன்

பத்தாவது வரை படித்தவன் நான். கம்ப்யூட்டரைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று யாராவது கேட்டால் பதில் இல்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். ஆத்திரத்தை வாய்விட்டுச் சொல்லத் தெரியாததால் எழுதுகிறேன்.

கடலூரில் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசையை முறைவைத்து ஒவ்வொரு அன்பியமாக நடத்தும். அன்பியம் என்பது பக்கத்துப் பக்கத்துத் தெருக் குடும்பங்கள் சேர்ந்த குழு. வீட்டுக்கு ஒரு வேலை. பூசையில் வீட்டுக்கு ஒன்றாக வேண்டிக்கொள்ளும் மன்றாட்டுகளை மைக் முன்னால் நின்று வாசிக்கச் சொல்லிவிடுவார்களோ என்ற பயத்தில், அவற்றை டைப் செய்து பிரிண்ட் எடுத்துத் தரும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அப்படியே தப்பித்து வந்தேன்.

வீட்டுக் கம்ப்யூட்டர் பழசு. விண்டோஸ் இழுக்கவில்லை என்று, சிதம்பரத்தில் இருக்கும் என் மனைவியின் தம்பி லினக்ஸ் போட்டுக் கொடுத்தான். அன்றிலிருந்து அது அப்டேட் கேட்காத வாரமில்லை. சனிக்கிழமை மத்தியானம் மன்றாட்டுகளை அடித்து முடித்தேன். சரி தொலையட்டும் என்று போன் நெட்டைக் கொடுத்து அப்டேட்டும் போட்டேன். அன்றைய டேட்டா முழுவதையும் தின்றுவிட்டு, டிஸ்கில் இடம் போதவில்லை என்றது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு இலை சின்னது என்று குறை சொன்ன மாதிரி.

வேண்டாததை நீக்க உட்கார்ந்தேன். 'இண்டிக் ஃபாண்ட்ஸ்' என்று ஒரு எழுத்துருத் தொகுப்பு இருந்தது. அதன் கீழே தேவநாகரி, குஜராத்தி, பஞ்சாபி. இந்த வீட்டில் இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள்? நீக்கினேன். அதோடு சேர்ந்து வந்தவற்றையும் எடுத்துவிடவா என்றது. ஆமாம் என்றேன். மன்றாட்டு ஃபைலைத் திறந்தால் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. வரிவரியாக வெறும் கட்டங்கள்.

மச்சானுக்குப் போன் செய்தேன். அவன் சிரித்து முடிக்கவே நேரமாயிற்று.

"இந்தி வேணாம்னு தமிழையே வெளிய அனுப்பிட்டீங்களே மாமா. அந்த லிஸ்ட்ல கடைசில தமிழும்தான் இருந்திச்சி. பாக்கலியா?"

"பாதி பாத்தேன்."

"சரி, திரும்பப் போட்டுக்கலாம். நெட்டு இருக்கா?"

நெட்டைத்தான் அந்தப் பாழாய்ப்போன அப்டேட் தின்றுவிட்டதே. மனைவியிடம் இருப்பது பட்டன் போன். பென் டிரைவோடு ஓடினால் ஜெராக்ஸ் கடை பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் வைஃபை உண்டு. அவர்கள் கேட் வரை போய் நின்றேன். கூப்பிட வாய் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

வேறு வழியில்லாமல், ஒவ்வொரு வீட்டாரும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த மன்றாட்டுகளைப் பார்த்துப் பேப்பரில் எழுதினேன். மனைவி அதை அன்பியத் தலைவியிடம் கொண்டுபோனாள். போன வேகத்தில் பேப்பரோடு திரும்பி வந்தாள்.

"உங்க கையெழுத்து அவுங்களுக்கு ஒரு வரிகூடப் புரியலியாம். எழுதுனவரே வாசிச்சிடட்டும்னு அக்கா சொல்லிட்டாங்க."

என்னால் முடியாது என்றேன்.

"ஒரு வீட்டுல போயி பேச வெக்கப்பட்டீங்கல்ல? இப்ப கோயில் பூராவுக்கும் பேசுங்க."

மறுநாள் காலைப் பூசையில் மன்றாட்டுகளை நான் வாசித்தேன். ஒன்றை விட்டுவிட்டேன், என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. வீட்டுக்கு வந்து, அன்றைக்குப் புதிதாக வந்த டேட்டாவில் தமிழ் எழுத்துகளைத் திரும்பப் போட்டேன்.