ஒரு கணக்கு, இரண்டு விடை

நேற்று பெருங்காய டப்பாவைத் திறந்ததும் எனக்கு இருபடிச் சமன்பாடு ஞாபகம் வந்தது. எக்ஸ் வர்க்கம் என்று ஆரம்பித்துப் பிள்ளைகளை அழவைக்குமே, அதேதான். மனைவியிடம் சொன்னேன். சாம்பாரைப் பார்க்கச் சொன்னாள்.

தொண்ணூறுகளில், கணிதப் பட்டமும் வேலையின்மையும் ஒருசேரப் பெற்று, பாளையங்கோட்டையில் ஓலைக் கொட்டகை போட்டு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தேன். தெருமுனைப் பலசரக்குக் கடை அண்ணாச்சி மகன் என்னிடம் படித்தான். அவன் போகிற இடத்துக்குத்தான் தெருவே பிள்ளைகளை அனுப்பும். கொட்டகை காலியானால் பேட்டையில் மாமாவின் லேத் பட்டறைக்குப் போ என்று அப்பா சொல்லியிருந்தார். என் கை பட்டால் நல்ல இரும்பும் துருப்பிடிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை பெருங்காய வாசனை முன்னால் வர, அண்ணாச்சி பின்னால் வந்தார். கையில் அம்மன் கோயில் எலுமிச்சம்பழம்.

"என்னவே, ஒரு கணக்குக்கு ரெண்டு விடை போடச் சொல்லுதீராமே?"

"ரெண்டும் சரிதான் அண்ணாச்சி."

"பருப்பு என்ன விலைன்னு கேட்டா நான் ரெண்டு விலையா சொல்லுதேன்?"

ஆளைப் பார்த்துச் சொல்வார்தான். அதை அப்போது சொல்ல முடியுமா?

பழத்தை வாங்கி, கூரையின் குறுக்குக் கம்புக்கு மேலே போகும்படி எறிந்து பிடித்தேன்.

"சாமி பழம்வே, கீழ விட்டுராதீரும்."

"கம்பு உயரத்துக்கு எப்ப வந்துச்சி அண்ணாச்சி?"

"போகும்போது ஒருக்க, வரும்போது ஒருக்க."

"அந்த ரெண்டு நேரந்தான் ரெண்டு விடை."

பழத்தைத் திருப்பி வாங்கி, நெற்றி உயரத்துக்கு மட்டும் பைய எறிந்து பிடித்தார்.

"இப்ப சொல்லும். கம்பு உயரத்துக்கு எப்ப வந்துச்சி?"

இதற்கும் விடை உண்டு, கற்பனை எண்கள் என்று படித்த படிப்பெல்லாம் நாக்கு நுனிக்கு வந்தது. கூடவே பேட்டையும் வந்தது. விழுங்கிவிட்டேன்.

"வரவே இல்ல. இதுக்கு மெய்யான விடை கிடையாது அண்ணாச்சி."

அண்ணாச்சி தன் மகன் பக்கம் திரும்பினார்.

"போன வாத்தியாரு எதக் கேட்டாலும் ஒரு விடை வச்சிருந்தாரு. நீயும் பெயிலாயிட்டு வந்த. இவரு இல்லன்னா இல்லங்காரு. ஏலே, இங்கனயே படி."

மறுவாரம் அவர் தம்பி மகனும் வந்து சேர்ந்தான்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது மாடிக் கட்டடம். அண்ணாச்சி போய்ச் சேர்ந்துவிட்டார். நான் அப்புறம் ஆபீஸ் உத்தியோகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கேள்விக்கு விடை இல்லை என்று எழுதினால் விளக்கம் கேட்டு மெமோ வரும். அதே பதிலுக்கு ஆள் சேர்த்துவிடும் மனிதர் அப்புறம் யாரும் எனக்கு வாய்க்கவில்லை.